நாற்பத்தொரு வினாடி

கப்டனை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அவருடைய வலது கை. என் புள்ளித்தாளுக்குப் பக்கத்தில், மேசை விளிம்பில், விரல்களை விரித்து வைத்திருக்கும் கை. புள்ளித்தாளின் அகலம் இருபத்தொரு சென்ரிமீற்றர். அந்தக் கை பெருவிரலிலிருந்து சின்னவிரல் வரை விரிந்தால் தாளை மூடிவிட்டு இன்னும் இரண்டு விரற்கடை மிஞ்சும். நடுவிரலின் இரண்டாவது மூட்டு ஒருமுறை உடைந்து, சற்றுக் கோணலாகப் பொருந்தியிருந்தது. நகத்தடியில் மரத்தூள் இருக்கும். சம்பளத்துக்கு விளையாடுகிறவர்கள்தான் என்றாலும் இந்த நாட்டில் கூடைப்பந்துப் பருவம் நான்கு மாதம். மிச்ச எட்டு மாதமும் அவர் ஓக்லாந்தின் ஹென்டர்சனில் ஒரு மரக்காலையில் பலகை ஏற்றி இறக்கினார். நடுவர் அவர்மேல் ஒரு ஃபவுல் சொன்னதும் மேசைக்கு நடந்து வந்து, அந்தக் கையை வைத்து, "எத்தனை, அங்கிள்?" என்று கேட்பார். "இரண்டு" என்பேன். "சரி" என்று திரும்பிப் போவார். அவர் பேசியது ஆங்கிலம். எனக்கு வருகிற தமிழில் எழுதுகிறேன்.

நான் விளையாட்டுக்காரன் இல்லை. இலங்கையில் ஒரு வானிலை அவதான நிலையத்தில் பதினான்கு வருடம் மழை அளந்தவன். காலை எட்டரைக்கு மழைமானியில் சேர்ந்த தண்ணீரை அளவுக் குழாயில் ஊற்றி, கண்ணை அந்த மட்டத்துக்குக் கொண்டுவந்து, மில்லிமீற்றரைப் படித்து எழுதுவது வேலை. மழை பெய்யாத நாளிலும் போய்ப் பார்த்துச் சைபர் என்று எழுதவேண்டும். ஓக்லாந்துக்கு வந்தபின் ஒரு தொழிற்சாலையில் பொதிகளின் எடையைச் சரிபார்த்தேன். மகள் பள்ளியில் கூடைப்பந்து விளையாடத் தொடங்கியபோது, பெற்றோர் முறைவைத்துப் புள்ளி எழுத வேண்டும் என்றார்கள். மற்றவர்கள் அந்த முறை வந்தால் தலைவலி, காய்ச்சல் என்று ஒளிந்துகொள்வார்கள். நான் அவர்களுடைய முறையையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். மகள் இரண்டு வருடத்தில் விளையாட்டை விட்டுவிட்டாள். நான் விடவில்லை. பரீட்சை எழுதி, படிப்படியாக ஏறி, ஐம்பத்தாறாவது வயதில் தொழில்முறை அணிகளின் மேசைக்கு வந்தேன். பன்னிரண்டு பருவம் அங்கே இருந்தேன்.

புள்ளித்தாளைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொரு வீரரின் பெயருக்கும் எதிரே ஐந்து சிறு கட்டங்கள் உண்டு. ஒரு ஃபவுலுக்கு ஒரு கட்டம். ஐந்தும் நிரம்பினால் அவர் அன்றைக்கு வெளியே. முதலாம், மூன்றாம் கால்பகுதிகளுக்குச் சிவப்புப் பேனா, இரண்டாம், நான்காம் பகுதிகளுக்குக் கறுப்பு. நான் நிறத்துக்கு இரண்டாக நான்கு பேனா கொண்டுபோவேன். ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே போய்விடுவேன். வளையத்தில் வலை மாட்டும் கொக்கிகள் பன்னிரண்டும் இருக்கின்றனவா என்று பார்ப்பேன். அது என் வேலையே இல்லை. எனக்குப் பக்கத்தில், பந்து கிடைத்த அணிக்கு எறியக் கிடைக்கும் இருபத்துநான்கு வினாடியை அளக்கும் கடிகாரத்தை இயக்கியவள் ஆல்பனியில் ஒரு அலுவலகத்தில் வேலைசெய்த மதுரைக்காரி. அவளுக்கு நான்தான் பொழுதுபோக்கு.

"சார், பேனாவ எத்தன தடவதான் எண்ணுவீங்க? பைக்குள்ள குட்டி போட்டுருக்கும்னு நெனச்சீங்களா?"

"நாலு இருக்கெண்டு எண்ணினாத்தானே தெரியும், பிள்ளை."

"எண்ணலைன்னாலும் நாலுதான் சார் இருக்கும்."

பன்னிரண்டு பருவத்தில் என் தாளில் ஒரு திருத்தம் இல்லை. அது எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கு நானே சொல்லிவிடுவேன்.

கப்டன் அந்த அணிக்கு வந்தபோது வயது இருபத்திரண்டு. அப்போது அவர் கப்டன் இல்லை. வெறும் பதினைந்தாம் இலக்கம். சமோவாக் குடும்பம். ரானுயியில் எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி வளர்ந்தவர். வயதில் மூத்தவர்களை அங்கிள் என்று கூப்பிடுவது அவர்களிடமும் நம்மிடமும் ஒன்றுதான், அதனால் எனக்கு அது வித்தியாசமாகப் படவில்லை. ஆறடி ஆறங்குலம். முதல் பருவத்தில் அவர் விளம்பரப் பலகை ஒன்றை உதைத்துப் பிளந்தார். பந்தை மேலே எறிந்து கூரை விளக்கை உடைத்தார். மூன்று முறை தடை வாங்கினார். ஒருநாள் ஒரு ஃபவுலுக்காக எங்கள் மேசையில் ஓங்கி அறைந்தார். என் கறுப்புப் பேனா எகிறிக் கீழே விழுந்தது, அதன் மூடி எங்கோ உருண்டது. நான், "மூடியை எடுத்துத் தாரும்" என்று சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார். அந்த மண்டபமே பார்த்தது. பிறகு அவ்வளவு பெரிய உடம்பு முழங்காலில் இறங்கி, எங்கள் கால்களுக்கு நடுவில் தவழ்ந்து, மூடியைத் தேடி எடுத்து, துடைத்து, என் கையில் தந்தது. மதுரைக்காரி அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே கடிகாரத்தை இயக்கினாள்.

மேசையிலிருந்து பார்ப்பவனுக்கு ஒரு வசதி உண்டு. ரசிகர்கள் பந்தைப் பார்ப்பார்கள், நாங்கள் ஆட்களைப் பார்ப்போம். பன்னிரண்டு பருவத்தில் நூற்று நாற்பத்தாறு வீரர்களின் பெயரை எழுதியிருக்கிறேன். அடி விழுந்ததும் சிரிக்கிற ஒரு நெடியவர் இருந்தார். அவர் சிரித்தால் அடித்தவர் அடுத்த ஐந்து நிமிடத்தில் நிச்சயம் ஒரு பிழை விடுவார். ஃபவுலுக்குக் கிடைக்கிற ஃபிரீ த்ரோவை எறியுமுன் பந்திடம் உதடு பிரியாமல் ஏதோ முணுமுணுக்கிறவர் ஒருவர். தோற்றால் துவாயை முகத்தில் போட்டு அழுகிறவர் ஒருவர், வென்றாலும் அழுவார். இவர்களையெல்லாம் பார்த்து நான் கண்டது ஒன்று. எவருடைய உடம்பு யோசனைக்கு முன்னால் பாய்கிறதோ, அவருடைய கோபமும் யோசனைக்கு முன்னால் பாயும். எதிராளியின் தோள் அசையுமுன் இவருடைய கால் அசைந்துவிடுகிறது. அதற்காகத்தான் அவருக்குச் சம்பளம். அதே நரம்புதான் நடுவரின் விசில் கேட்டதும் கையை ஓங்கச் செய்கிறது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டி எறிய முடியாது. கோபத்தை முழுக்க அடக்கப் பழகிய சிலரைப் பார்த்தேன், அவர்கள் குதிக்கவும் மறந்துபோனார்கள்.

கப்டன் குதிக்க மறக்கவில்லை. ஒரு பயிற்சியின்போது நான் நிறுத்துகடிகாரத்தை எடுத்து அவர் தரையை விட்டுத் தரையைத் தொடும் நேரத்தைப் பத்துமுறை எடுத்தேன். சராசரி முக்கால் வினாடிக்கும் மேலே, பூச்சியம் தசம் எட்டு ஐந்து. கணக்குப் போட்டால் எண்பத்தெட்டு சென்ரிமீற்றர் உயரம் வருகிறது. என் சாப்பாட்டு மேசையின் உயரம் எழுபத்தைந்து. நின்ற நிலையில் அதைத் தாண்டிப் போய் அந்தப் பக்கம் இறங்கக்கூடிய மனிதர் என் தெருவுக்கு மூன்று தெரு தள்ளி இருக்கிறார் என்று மனைவியிடம் சொன்னேன். "அப்ப முதல்ல மேசையில இருக்கிற பேப்பர்களை எடுங்கோ" என்றாள்.

மூன்றாவது தடை முடிந்து வந்த பருவத்தில்தான் அந்தக் கேள்வி தொடங்கியது. ஃபவுல் எண்ணிக்கை பெரிய பலகையில் எல்லோருக்கும் தெரியும்படி எரிகிறது. அப்படியிருக்க ஒவ்வொரு முறையும் நடந்து வந்து, கையை வைத்து, எத்தனை என்று கேட்டால் எனக்கு எரிச்சல் வராதா? என் கணக்கில் சந்தேகப்படுகிறார் என்றுதான் நினைத்தேன். அந்தப் பருவத்தில் மட்டும் அவர் அப்படி முப்பத்தெட்டு முறை கேட்டார். இலக்கத்தை மட்டும் சொல்வேன், முகத்தைப் பார்க்கமாட்டேன். நடுவர்களும் முதலில் முறைத்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். ஏனென்றால் அவர் எதையும் உதைப்பதை நிறுத்தியிருந்தார். இரண்டு வருடத்தில் அவரைக் கப்டன் ஆக்கினார்கள்.

ஒருநாள் உடைமாற்றும் அறைக்குப் போகும் நடையில் அவரை மறித்துக் கேட்டே விட்டேன். முழங்கால் இரண்டிலும் ஐஸ் பைகளைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றார்.

"பலகையில கிடக்கிறதை ஏன் என்னட்டக் கேக்கிறீர்?"

"பலகை எனக்குக் கேக்காது, அங்கிள்," என்றார். "விசில் அடிச்ச உடனே எனக்குத் தலைக்குள்ள ஒரே சத்தம். உங்களிட்ட வந்து சேர ஒரு கொஞ்ச நேரம். நீங்கள் நேரம் சொல்லுற மாதிரி ஒரு நம்பர் சொல்லுவீங்கள். அதில கோபமும் இல்லை, பாவம் பாக்கிறதும் இல்லை. அதைக் கேட்டா சத்தம் நிண்டுடும்."

வந்து கேட்டுத் திரும்ப ஒன்பது வினாடி. நான் பிறகு எண்ணிப் பார்த்தேன். தன் கோபத்தின் நீளம் எவ்வளவு என்று கண்டுபிடித்து, அதே நீளத்துக்கு ஒரு நடையையும் அமைத்துக்கொண்ட ஒரு மனிதரை நான் அதற்குமுன் கண்டதில்லை. என்னுடைய கோபம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அறுபது வயதிலும் எனக்குத் தெரியாது. அதன்பிறகு அவர் கேட்கும்போது நிமிர்ந்து பார்த்துச் சொல்லத் தொடங்கினேன். குரலை மட்டும் மாற்றவில்லை.

இனி அந்த அரையிறுதி ஆட்டம். ஆறு வருடம் ஆகப்போகிறது. கப்டனுக்கு முப்பத்துநான்கு. அந்தப் பருவத்தோடு நிறுத்தப்போவதாகச் சொல்லியிருந்தார், தோற்றால் அதுவே கடைசி ஆட்டம். அவருடைய அணியில் ஐம்பத்தோராம் இலக்கம் அணிந்த ஓர் இளையவர் இருந்தார். பாய்ச்சலும் பதற்றமும் நிறைந்தவர், கப்டனின் இருபத்திரண்டு வயதைத் திரும்பப் பார்ப்பதுபோல இருக்கும். இரண்டாம் கால்பகுதியில் வளையத்தின் கீழே கப்டனும் அவரும் சேர்ந்து குதித்தார்கள். எதிரணிக்காரர் விழுந்தார். விசில் அடித்தது. நடுவர் மேசைக்கு வந்து ஃபவுல் செய்தவரின் இலக்கத்தைக் கைவிரலால் காட்டுவார். முதலில் புறங்கையால் பத்துகள், பிறகு உள்ளங்கையால் ஒன்றுகள். அவர் கையைத் தூக்குமுன்பே என் கறுப்புப் பேனா பதினைந்தின் கட்டத்துக்குப் போய்விட்டது. எதிராளியின் முழங்கை கப்டனின் தாடையில் பட்டதை நான் பார்த்திருந்தேன். கப்டனின் குணம் எனக்குத் தெரியும், திருப்பிக் கொடுத்திருப்பார் என்று என் மனம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. நடுவர் புறங்கையால் ஐந்து காட்டினார், உள்ளங்கையால் ஒன்று காட்டினார். கண் பார்த்தது. கை ஏற்கெனவே எழுதிவிட்டிருந்தது. ஒன்றும் ஐந்தும்தானே என்று மூளை இரண்டையும் பொருத்திக்கொண்டது.

"சார், அது அம்பத்தொண்ணு இல்ல?" என்றாள் மதுரைக்காரி.

"நீர் உம்மட கடிகாரத்தைப் பாரும்," என்றேன்.

கப்டன் அப்போது மேசைக்கு வரவில்லை. அது தன்னுடையது இல்லை என்று அவருக்குத் தெரியும். அவர் வராததை நான் கவனித்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் எண்ணுகிறவன் அதை எண்ணவில்லை.

நான்காம் கால்பகுதியில், நான்கு நிமிடம் ஐம்பது வினாடி மிச்சமிருக்க, அவருடைய அணி ஐந்து புள்ளி முன்னால் நிற்க, கப்டன்மேல் ஒரு ஃபவுல் வந்தது. அந்த இரண்டாம் கால்பகுதிக்குப் பின் அவர் வாங்கிய முதல் ஃபவுல் அதுதான், என் தாளிலும் அதைப் பார்த்து எரிகிற பலகையிலும் ஐந்தாவது. ஹோர்ன் அடித்தோம். அவர் நடந்து வந்தார், கையை வைத்தார்.

"எத்தனை, அங்கிள்?"

"ஐந்து."

அந்தக் கை மேசையிலேயே இருந்தது. "எனக்கு நாலு எண்டு நினைவு," என்றார் மெதுவாக.

"ஐந்து," என்றேன். மழை அளந்த அதே குரலில்தான் சொன்னேன். அதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

கோச் பாய்ந்து வந்தார். மேசையில் இருப்பது குருடா, கிழடா என்று கேட்டார். நடுவர் என் தாளைப் பார்த்தார், தாளில் ஐந்து இருந்தது. கப்டன் கோச்சின் நெஞ்சில் அதே கையை வைத்துப் பின்னால் தள்ளிக்கொண்டே, "அங்கிள் பிழைவிடமாட்டார். பன்னிரண்டு வருஷமா விட்டதில்லை. வா" என்றார். போய் வாங்கில் உட்கார்ந்து துவாயைத் தோளில் போட்டுக்கொண்டார். இரண்டாயிரம் பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் முழங்கால்களில் கைகளை ஊன்றித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நிமிடம் முப்பத்தாறு வினாடி மிச்சம். ஆட்டம் சமன். ஐம்பத்தோராம் இலக்கக்காரர் ஒரு ஃபவுல் செய்தார். அவருடைய வரிசையில் மூன்றாவது கட்டத்தை நிரப்பினேன். அவர் தன் வாங்கைப் பார்த்து நான்கு விரல் காட்டினார். கோச் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். என் கண் இரண்டாம் கால்பகுதிக்குப் போயிற்று. புறங்கையில் ஐந்து. உள்ளங்கையில் ஒன்று. அந்தக் கை என் கண்ணுக்கு முன்னால் அப்படியே நின்றது.

மேசையின் ஹோர்ன் பொத்தான் எனக்கும் மதுரைக்காரிக்கும் நடுவில் இருந்தது. விரலை அதன்மேல் வைத்தேன். அழுத்தினால் ஆட்டம் நிற்கும், பிழை திருந்தும், கப்டன் எழுந்து வருவார். நான் எழுந்து நின்று, இரண்டாயிரம் பேருக்கு முன்னால், என் பன்னிரண்டு பருவத்தையும் என் கையாலேயே கிழிக்க வேண்டும். எதிரணி முதல் ஃபிரீ த்ரோவைப் போட்டது. இரண்டாவதையும் போட்டது. நான் அழுத்தவில்லை. ஒருவேளை நான்தான் பிழையாக நினைக்கிறேனோ என்று என்னிடமே சொன்னேன். பந்து மீண்டும் ஆட்டத்துக்கு வந்தது. கப்டனின் அணி இருபத்திரண்டு வினாடி அலைந்து எறிந்து தவறவிட்டது. எதிரணி பந்தை எடுத்துப் பத்தொன்பது வினாடியில் மூன்று புள்ளி போட்டது. ஒரு நிமிடம் ஐம்பத்தைந்தில் கடிகாரம் நின்றது, கோச் ரைம் அவுட் என்று இடைநிறுத்தம் கேட்டார். நாற்பத்தொரு வினாடி. அப்போதுதான் எழுந்தேன்.

இரண்டாம் கால்பகுதியில் பதினைந்துக்கு எழுதியது ஐம்பத்தொன்றின் ஃபவுல் என்று நடுவரிடம் சொன்னேன். அந்த ஃபவுலைச் சொன்ன நடுவர் வந்து, ஐம்பத்தொன்றுதான் காட்டினேன் என்று உறுதிப்படுத்தினார். கறுப்புப் பேனாவால் என் முதல் திருத்தத்தைச் செய்தேன். மண்டபத்தில் கூச்சல். யாரோ ஒரு வெற்றுக் குடுவையை மேசைப்பக்கம் எறிந்தார்கள். கப்டன் எழுந்தார். துவாயை மடித்து வாங்கில் வைத்தார். எங்களை நோக்கி வந்தார். மதுரைக்காரி தன் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்ததை உணர்ந்தேன்.

"எத்தனை, அங்கிள்?"

"நாலு."

"சரி."

அதன்பின் நடந்த ஒரு நிமிடம் ஐம்பத்தைந்து வினாடியைப்போல நான் எதையும் பார்த்ததில்லை. குளிர்ந்துபோன முழங்கால்கள். முப்பத்துநான்கு வயது. ஐந்து புள்ளி பின்னால். எதிரணியின் வேகக்காரர் தனியாக வளையத்தை நோக்கி ஓடினார். கப்டன் நாலைந்து எட்டுப் பின்னால். அவர் ஓடியதாக எனக்கு நினைவில்லை, ஒரு தூரம் இருந்தது, பிறகு இல்லை. பந்து வளையத்தின் பின்பலகையைத் தொடுமுன் அந்தக் கோணல் விரல்கள் அதை எடுத்துவிட்டன. ஆளைத் தொடவில்லை. தொட்டிருந்தால் அது ஐந்தாவது, உண்மையான ஐந்தாவது. அந்த வேகத்தில் ஒரு தலைமயிர் அளவுக்குத் தள்ளி நிற்க ஒரு உடம்பு எப்படிப் படித்தது? அடுத்த முனையில் இரண்டு கையாலும் பந்தை வளையத்துக்குள் திணித்துவிட்டு இறங்கினார். பிறகு இரண்டு ஃபிரீ த்ரோ. மூன்று நிமிடம் அநியாயமாக உட்கார்த்தப்பட்ட மனிதரின் தோள் எப்படி இருக்கும்? நான் பார்த்தேன், துணி உலர்த்தும் கொடிபோலத் தளர்வாக இருந்தது. இரண்டும் விழுந்தன. ஒரு புள்ளிதான் வித்தியாசம். கடைசிப் பந்தும் அவர் கைக்குத்தான் வந்தது. இருவர் அவரை மறித்தார்கள். ஐம்பத்தொன்று தனியாக நின்றார். கப்டன் கொடுத்தார். அவர் எறிந்தார். வளையத்தைச் சுற்றி வெளியே விழுந்தது.

ஒரு புள்ளியில் தோல்வி. அந்த இளையவர் தரையில் குந்திவிட்டார். கப்டன் அவரை அக்குளில் பிடித்துத் தூக்கி நிறுத்தி, எதிரணிக்குக் கைகொடுத்து, நடுவர்களுக்குக் கொடுத்து, கடைசியில் மேசைக்கும் வந்து கொடுத்தார். "நிண்டு சொன்னதுக்கு நன்றி, அங்கிள்," என்றார்.

அந்த நன்றிதான் என்னைத் தின்றது. கிழடா என்று கேட்ட கோச்சே வந்து, உங்களைப்போல நேர்மையான ஆள் இல்லை என்று தோளைத் தட்டினார். நான் எழுதிக் கொடுக்க வேண்டிய அறிக்கையில், "பிழை கவனிக்கப்பட்ட நேரம்" என்ற இடத்தில், ஒரு நிமிடம் ஐம்பத்தைந்து வினாடி என்று எழுதினேன். என் வாழ்க்கையில் நான் பார்த்து எழுதாத முதல் எண் அது. கார் நிறுத்துமிடத்தில் மதுரைக்காரி மட்டும் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சார், நீங்க அப்பவே பாத்துட்டீங்கல்ல? உங்க வெரல் ஹோர்ன் மேல இருந்துச்சு."

நான் கார்க் கதவைத் திறந்தேன்.

"நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன் சார். ஆனா நீங்க தாங்க மாட்டீங்க," என்றாள்.

வீட்டில் மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. மனைவியிடம் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "நாப்பத்தொரு செக்கன்ட் எண்டு ஆருக்குத் தெரியும்? நீங்கள் ஒருத்தர்தான் எண்ணினது" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இஞ்சருங்கோ, உந்த முகத்தை வச்சுக்கொண்டு வீட்டுக்குள்ள சுத்தாதேங்கோ. அந்தப் பிள்ளையிட்டப் போய்ச் சொல்லிப்போட்டு வாங்கோ. அவன் ஏசினா ஏசட்டும்" என்றாள்.

மரக்காலைக்குப் போனேன். அவர் நாலு மீற்றர்ப் பலகை ஒன்றைத் தோளில் வைத்திருந்தார். என்னைக் கண்டதும் சிரித்தார். நான் வணக்கம்கூடச் சொல்லாமல் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். இரண்டு முப்பத்தாறில் கண்டேன். ஒன்று ஐம்பத்தைந்தில் எழுந்தேன். நடுவில் மூன்று புள்ளி போயிற்று. நீங்கள் தோற்றது ஒன்றில். அறிக்கையில் பொய் எழுதினேன்.

அவர் பலகையை இறக்கி வைத்தார். கழுத்து நரம்பு எழும்பியது. அந்தக் கை விரிந்து, மூடி, விரிந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முந்திய அந்த இருபத்திரண்டு வயது முகம் அப்படியே திரும்பி வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன் என்று நினைக்கிறேன்.

"அங்கிள்," என்றார். "நீங்கள் இப்ப காரில ஏறிப் போங்கோ. எனக்குக் கோபம் வருது. இது பெரிசு. இது உங்களிட்ட நடந்து வந்து திரும்பிற அளவு இல்லை. நீங்கள் நிண்டு பாக்க வேண்டாம்."

"எப்ப வரட்டும்?"

"நீங்கள் வராதேங்கோ. முடிஞ்ச உடனே நான் வருவன்."

காருக்கு முப்பத்துநான்கு எட்டு. திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் பலகை அடுக்கும் சத்தம் கேட்டது. வீசுகிற சத்தம் இல்லை. ஒவ்வொன்றாக, விளிம்போடு விளிம்பு பொருத்தி வைக்கிற சத்தம். தன் லொறியின் அகலம் தெரிந்த சாரதி ஒடுங்கிய பாலத்துக்கு முன்னால் நிறுத்துவதுபோல அவர் என்னை நிறுத்தி அனுப்பியிருந்தார். அன்றே உண்மையான நேரத்தைப் போட்டு இரண்டாவது அறிக்கை எழுதி அனுப்பினேன். மேசையிலிருந்தும் விலகிக்கொண்டேன்.

பத்தொன்பதாம் நாள், ஒரு ஞாயிறு காலை, வாசல் மணி அடித்தது. "தம்பி, குனிஞ்சு வாங்கோ, நிலை தட்டும்" என்று மனைவி தமிழில் சொன்னது அவருக்கு எப்படியோ விளங்கியது. உட்கார்ந்தார். உளுந்துவடை கொடுத்தாள். ஒன்பது சாப்பிட்டார்.

"பத்தொன்பது நாள் எடுத்தது, அங்கிள்," என்றார். "முதல் கிழமை அந்த மண்டபம் இருக்கிற ரோட்டாலயே போகேல்ல. எட்டாம் நாள் ஒரு சுத்தியலை எறிஞ்சன், வேலியிலதான் பட்டது. ஒவ்வொரு நாளும் கண் முழிச்சா முதல் யோசனை அந்த நாப்பத்தொரு செக்கன்ட்தான். இண்டைக்கு எழும்ப, மகளின்ர கால் சப்பாத்து ஒண்டைக் காணேல்ல எண்டதுதான் முதல் யோசனை. பிறகுதான் நீங்கள். அப்ப முடிஞ்சுது எண்டு விளங்கிச்சு. வந்திட்டன்."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தன் கோபத்தை நாளுக்கு நாள் படித்து, சைபர் ஆனதும் வந்து சொன்ன மனிதரிடம் அதற்குமேல் என்ன கேட்பது? நான் பதினான்கு வருடம் செய்த வேலையை அவர் தனக்குள்ளேயே செய்திருந்தார். எனக்கு அப்படி முடியவில்லை, கண் விழித்தால் அதுதான் முதலில் வருகிறது என்று மட்டும் சொன்னேன்.

அவர் பத்தாவது வடையைப் பார்த்து யோசித்தார். "அப்ப நான் போன் பண்ணிக் கேக்கிறன்," என்றார்.

கேட்டார். ஒவ்வொரு மாதமும் முதல் திங்கள், காலை ஆறரைக்கு. இப்போது அவருக்கு நாற்பது, இளையவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார். போன மாதம் ஒரு நடுவரோடு கத்தி வெளியே அனுப்பப்பட்டார் என்று மதுரைக்காரி சொன்னாள். அவரும் மனிதர்தான். மேசையில் இப்போது எல்லாம் கணினி. எனக்கு எழுபத்துநான்கு, மூன்றாம் வரிசையில் இருந்து பார்க்கிறேன். நான்கு முறை அவர் மறந்து செவ்வாயில் எடுத்திருக்கிறார், ஒரு மாதமும் எடுக்காமல் விட்டதில்லை. "முதல் யோசனை என்ன, அங்கிள்?" என்பார். "அதுதான்" என்பேன். "சரி, அடுத்த மாதம்" என்று வைத்துவிடுவார்.

இன்று எழுபத்தோராவது அழைப்பு. கண் விழித்தபோதே தெருமுனையில் லொறிச் சத்தம். இது மறுசுழற்சிக் குப்பையின் மஞ்சள் மூடித் தொட்டி எடுக்கிற கிழமையா, இல்லையா? இரண்டு கிழமைக்கு ஒருமுறை என்பதால் எனக்கு ஒவ்வொரு முறையும் இதே கவலை. நாட்காட்டியில் குறித்திருந்தேன், நாட்காட்டியைக் காணவில்லை. எதிர்வீட்டுக்காரர் இன்னும் வைக்கவில்லை, அவரை நம்பவும் முடியாது. ஒரு செருப்போடு நிற்கும்போது போன் அடித்தது.

"முதல் யோசனை என்ன, அங்கிள்?"

"மஞ்சள் மூடித் தொட்டி," என்றேன். "இந்தக் கிழமையோ, அடுத்த கிழமையோ தெரியேல்ல. லொறி வந்திட்டுது."

மறுமுனையில் சத்தமே இல்லை. நான் எண்ணவில்லை, எண்ண நேரமில்லை.

"இந்தக் கிழமைதான், அங்கிள்," என்றார். "ஓடிப்போய் வையுங்கோ."

போனைக் கதிரையில் போட்டுவிட்டு ஓடினேன். தொட்டியை இழுத்துவந்து வீதியோரத்தில் நிறுத்தி, மூடியை அழுத்தி, நிமிர்ந்து மூச்சுவிட்டபோதுதான் அவருக்கு நான் சொன்ன பதில் என்ன என்பது எனக்கு உறைத்தது.